தங்கச்சியைத் தத்துக் கேட்டால்: அக்கா இருக்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில் இப்படியான வீடுகள் உண்டு. தகப்பன் காணாமற்போனவர், தாய் நோயில் போய்விட்டா. அம்மம்மா பிள்ளைகளை வளர்க்கிறா. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மாமாவும் மாமியும், “சின்னவளை நாங்கள் சட்டப்படி எடுத்து வளர்க்கிறம்” என்கிறார்கள். சின்னவளுக்கு எட்டு வயது, மூத்தவளுக்குப் பதினைந்து. மூத்தவள்தான் போட்டோகொப்பி எடுக்கப் போவாள். அம்மம்மாவுக்குப் படிவங்களை வாசித்துக் காட்டுவாள். மாமி கேட்கும் பத்திரங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஆனால் தங்கச்சி போவதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டுத் தத்து பல அலுவலகங்கள் ஏறி இறங்கும் வேலை. அந்த வேலைகளை ஒழுங்காகச் செய்வதற்கும், வீட்டிலுள்ள பதின்ம வயதுப் பிள்ளை அதில் நொறுங்காமல் இருப்பதற்கும் செய்யவேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. படிவத்துக்கு முன் பிள்ளைகளுடன் பேசுங்கள்

மாமாவுக்கு “ஓம்” சொல்வதற்கு முன் பிள்ளைகளை இருத்திப் பேசுங்கள். சின்னவளோடு ஒருமுறை, மூத்தவளோடு ஒருமுறை, பிறகு இருவரோடும் சேர்த்து. தத்துப்போகும் பிள்ளைக்குப் பத்து வயது கடந்திருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் கட்டளை பிறப்பிக்காது. பத்துக்குக் கீழ் என்றாலும் விருப்பத்தைக் கேட்கவேண்டும். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எந்த விடயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. தங்கச்சியின் தத்து அக்காவையும் பாதிக்கும் விடயம்தான்.

“நீ போனால்தான் இந்தக் குடும்பம் தலைநிமிரும்” என்று சின்னவளிடம் சொல்லாதீர்கள். “அழாத, அவள் நல்லா இருக்கப் போறாள்” என்று மூத்தவளின் வாயை அடைக்காதீர்கள். “இதில உனக்குப் பயமான விசயம் என்ன?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் அன்றே வராது. இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, “அம்மம்மா, நான் ஏன் போகேலாது?” என்று கேட்பாள். அதற்கு நேரான பதில் சொல்லவேண்டும். அதற்குத்தான் அடுத்த படி.

2. வயதைக் கணக்குப் பாருங்கள்

தத்துப்பத்திரங்களில் “மகவேற்பு” என்று எழுதியிருப்பார்கள். அதற்கான சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அது எழுதப்பட்டபோது 14 வயதுக்கு உட்பட்டவரையே பிள்ளை என்றது. தத்தெடுப்பவர் 25 வயதைக் கடந்தவராகவும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. மாமா இருக்கும் நாட்டுக்கும் தனி வயதெல்லை உண்டு; அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்துக்கு இன்னொன்றும் இருக்கலாம். மூன்றிலும் இரண்டு பிள்ளைகளும் எங்கே நிற்கிறார்கள் என்பதை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முதல் நாளே கேளுங்கள்.

அக்காவும் தங்கச்சியும் பிரிவது இந்த வயதெல்லையாலும் இருக்கலாம். மாமிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, தான் வளர்ந்துவிட்டதால் யாருக்கும் வேண்டாம் என்று மூத்தவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பாள். சட்டத்தின் கணக்கு என்றால் அதை அவளுக்கு விளக்குங்கள். மாமா மாமியே அவளோடு நேரில் பேசி விளக்கினால் இன்னும் நல்லது.

3. பிரிக்காமல் வளர்க்க வழியுண்டா என்று பாருங்கள்

சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, சொந்த நாட்டில் தகுந்த பராமரிப்புக் கிடைக்காதபோதே வெளிநாட்டுத் தத்தை ஒரு வழியாகக் கருதலாம் என்கிறது. 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்பதைப் பொதுநெறியாக வைக்கின்றன; பிரித்தால்தான் பிள்ளைக்கு நன்மை என்று தெளிவாகத் தெரிந்தாலே விலக்கு.

ஆகவே மாமாவிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: மாதாமாதம் இரண்டு பிள்ளைகளின் செலவையும் பொறுப்பெடுக்க முடியுமா? அம்மம்மாவுக்கு இயலாமற்போனால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சித்தி இருவரையும் வைத்துக்கொள்வாவா? நன்னடத்தைத் திணைக்களத்தின் “செவன சரண” உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா? இவற்றில் ஒன்று சரிவந்தால் பிள்ளைகள் ஒன்றாகவே வளர்வார்கள்.

4. சரியான கதவைத் தட்டுங்கள்

வெளிநாட்டுத் தத்தை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கை 1993 இல் உருவானது. 1995 இல் இலங்கை அதில் இணைந்தது. கனடாவில் 1997 இலும், பிரான்சில் 1998 இலும், ஜேர்மனியில் 2002 இலும், சுவிஸிலும் பிரித்தானியாவிலும் 2003 இலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒப்புக்கொண்ட பிறகே பிள்ளை புறப்படலாம். இலங்கைப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் ஆணையாளருடையது.

அக்கராயனில் இருப்பவர்கள் கிராம அலுவலரிடம் தொடங்கி, கரைச்சிப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு, அவர் வழியாக நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போகலாம். மாமா தன் நாட்டிலுள்ள தத்து அதிகாரசபையில் தொடங்கவேண்டும். அங்கே அவர்களுடைய வீடு, வருமானம், உடல்நலம், குடும்பம் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கை இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. மாமாவின் நாடு இப்போது வெளிநாட்டுத் தத்தை ஏற்கிறதா என்பதையும் விசாரியுங்கள். நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் இடைநிறுத்தியது. சுவிஸ் அரசாங்கம் தடைசெய்யும் எண்ணத்தை 2025 ஜனவரியில் அறிவித்தது.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டவருக்கான பிள்ளைகளை அரச வரவேற்பு இல்லங்களிலிருந்தும் பதிவுபெற்ற சிறுவர் இல்லங்களிலிருந்தும் தெரிவுசெய்வதே பொதுவான நடைமுறை. அம்மம்மா வீட்டில் வளரும் பிள்ளையை உறவுக்காரர் எடுப்பதற்கு என்ன வழி என்று அதிகாரியே சொல்லட்டும். “ஒரு ஆறு மாதம் ஹோமில விடுங்கோ, பைல் சுகமாப் போகும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பைலுக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் விடுவது அநியாயம்.

5. இடைத்தரகரை வாசலோடு அனுப்புங்கள்

1980களில் இந்த நாட்டில் நடந்ததை மூத்தவளுக்கும் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்குத் தத்துக்கொடுக்கவென்று குழந்தைகளை அடைத்துவைத்த இடங்கள் இருந்தன. பொய்ப் பிறப்புப் பதிவுகள் போடப்பட்டன. நீதிமன்றத்தில் தாயாக நிற்க வேறு பெண்கள் கூலிக்குப் பிடிக்கப்பட்டார்கள். 1987 இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தைச் சிலகாலம் நிறுத்தியது. 1992 இல் சட்டத்தைத் திருத்தி இறுக்கியது. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்தபோது, அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 11,000 வரை என்று சொல்லப்பட்டது. சுவிஸில் நடந்த ஆய்வொன்று 1973 முதல் 1997 வரை அங்கு போன 881 இலங்கைக் குழந்தைகளைப் பற்றிப் பேசியது. அவர்களிற் பலர் இன்று நடுவயதில் இங்கு வந்து, தங்கள் பத்திரத்திலுள்ள பெயரில் ஒரு தாய் இருந்தாவா என்றுகூடத் தெரியாமல் தேடித் திரிகிறார்கள்.

தத்துக்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். மாமா அன்பினால் அனுப்பும் காசும் தத்துப் பேச்சு நடக்கும் காலத்தில் சம்மதத்துக்கு விலையாகத் தெரியலாம். அந்தக் காசைப் பற்றி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகமான ஆள் யாராவது வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மூத்தவளும் அழைக்கலாம், அதற்குப் பெரியவர்களின் அனுமதி தேவையில்லை.

6. பத்திரங்களை உண்மையாகச் சேருங்கள்

2008 இல் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் எல்லாப் பத்திரமும் இருக்காது. இல்லாததைப் புதிதாக “உருவாக்க” வேண்டாம். பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். சேர்க்கவேண்டியவை:

• இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள்
• பெற்றோரின் திருமணச் சான்றிதழ். இறந்தவரின் இறப்புச் சான்றிதழ்
• பாடசாலை அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்புகள்
• அம்மம்மாவின் அடையாள அட்டை, கிராம அலுவலர் சான்று
• மாமாவுக்கும் பிள்ளைக்குமுள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள்

காணாமற்போன தகப்பனின் விடயத்தில் மிகவும் கவனம் வேண்டும். இறப்புச் சான்றிதழ் எடுக்கக் குடும்பத்துக்கு மனமில்லையென்றால், 2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி காணாமற்போனவர் என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் அவரது சம்மதம் இல்லாமலே தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே தத்துக்காக அவரை இறந்தவராக்கவேண்டிய கட்டாயமில்லை. தகப்பனை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வீட்டில் இது மூத்தவளின் நெஞ்சில் தைக்கும் விடயம். அவளுக்குத் தெரியாமல் எந்தச் சான்றிதழும் எடுக்காதீர்கள்.

வயற்காணியும் உண்டு. அக்கராயன் குளத்தின் கீழ் தாயின் பெயரில் அனுமதிப்பத்திரக் காணி இருந்தால், தத்துக்குப் பின் அதன் பின்னுரித்து யாருக்கு என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் ஒரு சட்டத்தரணியிடமும் முன்கூட்டியே கேளுங்கள். பத்து வருடம் கழித்து அக்காவும் தங்கச்சியும் காணிக்காகக் கோட்டில் நிற்கக்கூடாது.

7. விசாரணை நாளில் மூத்தவளை வீட்டில் வைத்திருங்கள்

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் அவளைக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக் கதவடியில் நிற்கும் பிள்ளையாகவும் அவளை வைக்காதீர்கள். “இவவும் பேச விரும்புறா” என்று நீங்களே சொல்லுங்கள். தங்கச்சி இரவில் எதற்குப் பயப்படுவாள், எதைச் சாப்பிடமாட்டாள், காய்ச்சல் வந்தால் யாரைத் தேடுவாள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அது பிள்ளையைப் பற்றிய அறிக்கையில் ஏறவேண்டிய தகவல். பேசக் கூச்சமென்றால் எழுதிக் கொடுக்கட்டும். தங்கச்சி போவதில் தனக்கு விருப்பமில்லை என்று அவள் எழுதினால் அதையும் அப்படியே கொடுங்கள்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். தத்தெடுக்கும் இருவரும் நேரில் வரவேண்டியிருக்கும். பிள்ளையிடம் நீதிபதி கேள்வி கேட்கலாம். பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீதிமன்றம் எப்படி இருக்கும், யார் எங்கே இருப்பார்கள் என்பதை மட்டும் விளக்குங்கள். அந்தத் தவணை சாதாரணதரப் பரீட்சையோடு மோதினால் மூத்தவளின் பரீட்சைக்கு முதலிடம் கொடுத்துத் தவணை மாற்றக் கேளுங்கள்.

8. தொடர்பை எழுத்தில் வையுங்கள்

வளர்க்கப்போகிறவரும் பெற்றோரும் முன்கூட்டியே தொடர்பு வைக்கக்கூடாது என்று ஹேக் உடன்படிக்கையின் 29ஆம் உறுப்புரை சொல்கிறது. குடும்பத்துக்குள் நடக்கும் தத்துக்கு அதில் விலக்கு உண்டு. அதைப் பயன்படுத்தி, கட்டளை வருவதற்கு முன்பே மாமா மாமியோடு இருந்து எழுதுங்கள்: வாரத்தில் எந்த நாள் அழைப்பு, யார் அழைப்பது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவது, அம்மம்மாவுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது, தங்கச்சிக்குத் தமிழ் எழுத வாசிக்க யார் சொல்லிக் கொடுப்பது. நீதிமன்றம் இதை நிறைவேற்றித் தராமல் போகலாம். என்றாலும் பெரியவர்கள் கையொப்பமிட்ட ஒரு தாள் மூத்தவளின் கையில் இருந்தால், அதைக் காட்டிக் கேட்க அவளுக்கு ஒரு பிடி இருக்கும்.

மாமா வீட்டிலும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளை இருக்கலாம். மச்சாளாக இருந்தவள் ஒரே நாளில் தங்கச்சியாகிறாள். அறையும் தாயின் நேரமும் பங்காகின்றன. அங்குள்ள சமூகசேவையாளர் அந்தப் பிள்ளையையும் தனியாகக் கண்டு பேசவேண்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அக்கராயனிலிருந்து மூத்தவள் அந்தப் பிள்ளையோடு முன்பே பழகத் தொடங்கட்டும். தங்கச்சியைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டால், பெரியவர்கள் சொல்லாமல் விட்டது பலதும் தெரியவரும்.

9. போன பிறகு

கட்டளை கிடைத்ததும் உடன்படிக்கைக்கு ஏற்பத் தத்து நடந்தது என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மற்ற உறுப்பு நாடுகள் தத்தை ஏற்றுக்கொள்வது அதை வைத்துத்தான். பிள்ளையின் பழைய பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் படங்கள், நீதிமன்றக் கட்டளையின் பிரதி ஆகியவற்றில் ஒரு தொகுதி தங்கச்சியோடு போகட்டும். இன்னொன்று மூத்தவளிடம் இருக்கட்டும்.

முதல் மாதங்களில் எல்லோரும் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்றே கேட்பார்கள். மூத்தவள் படிப்பில் சறுக்கலாம், சாப்பாட்டை ஒதுக்கலாம், சின்ன விசயத்துக்கும் எரிந்து விழலாம். அது பிரிவுத்துயர், அடக்கமில்லாத பிள்ளை என்று ஏசாதீர்கள். பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமும், தேவைப்பட்டால் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையிலும் உதவி கேளுங்கள்.

நீதிமன்றக் கட்டளை வரும்வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம். டிக்கெட் போட்டாயிற்று, மாமா லீவெடுத்துவிட்டார் என்ற காரணங்களுக்காகப் பிள்ளையின் “இல்லை”யை விழுங்கவேண்டாம். நிறுத்திய குடும்பத்துக்கு மாமாவோடு சில காலம் மனக்கசப்பு வரும், அது ஆறிவிடும். கேட்காமல் அனுப்பப்பட்ட தங்கச்சியும், கேட்காமல் விடப்பட்ட அக்காவும் அந்தக் காயத்தை ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள். எனவே இன்றிரவு கனடாவுக்கு அழைப்பு எடுப்பதற்கு முன், மூத்தவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, “நீ என்ன சொல்லுறாய்?” என்று கேளுங்கள்.