பாகங்களுக்கு வகை பிரிக்கும்போது

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி தன் டிராயிங்குகளை பி.டி.எம். (தயாரிப்புத் தரவு மேலாண்மை) மென்பொருளுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் எடுக்கும் முடிவுகளில் பின்னால் மாற்ற மிகவும் சிரமமானது, பாகத்தின் வகை. பெயரையும் அளவையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வகை தவறினால் பல மென்பொருள்களில் அட்மினைத்தான் தேட வேண்டும்.

செய்ய வேண்டியவை

• உருவத்தைப் பார்த்து வகை பிரிக்காதீர்கள். பாகம் எந்த வழியில் உள்ளே வருகிறது என்று பாருங்கள். இம்பெல்லரை நாமே வரைகிறோம். அதற்கு டிராயிங்கும் ஒப்புதலும் வேண்டும். 6205 பேரிங்குக்கு நாம் டிராயிங் போடுவதில்லை. தயாரிப்பாளரின் எண்ணும் மாற்று பிராண்டும் தெரிந்தால் போதும். பெயின்ட், கிரீஸ் போன்றவை லிட்டரிலும் கிலோவிலும் செலவாகின்றன. கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளின் வழியே வேறு. இப்படிப் பார்த்தால் ஐந்தாறு வகைகளுக்கு மேல் தேவைப்படாது. யாராவது புதிய வகை கேட்டால் இரண்டே கேள்வி: கட்டாயம் நிரப்ப வேண்டிய விவரங்கள் வேறா? ஒப்புதல் தருபவர் வேறா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அந்த வகை வேண்டாம்.

• நாம் வரைந்த ஷாஃப்டை வெளி லேத்தில் கடைந்து வாங்கினாலும் அது நம் பாகம்தான். செய்வதா வாங்குவதா என்பதை ஒரு விவரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அது மாறலாம்.

• போல்ட், வாஷர், ஓ-ரிங் எல்லாம் ஒரே வகைக்குள் இருக்கட்டும். அவற்றைப் பிரித்துக் காட்ட வகைப்பாட்டு மரமும் பண்புகளும் இருக்கின்றன. திருகு அளவு, நீளம், வலிமை, பூச்சு, தர எண் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். தர எண்ணைக் கட்டாயமாக்குங்கள். வெறுமனே ‘எம் 10 போல்ட்’ என்று எழுதினால், பழைய டி.ஐ.என். 933 வந்தால் 17 மி.மீ. ஸ்பேனர், ஐ.எஸ்.ஓ. 4017 வந்தால் 16. கேசிங்கில் இடம் நெருக்கடியான மூலையில் அந்த ஒரு மில்லிமீட்டர் அசெம்பிளி செய்பவரை நிறுத்திவிடும்.

• உலோகத்தின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் ‘எஸ்.எஸ்.’, ‘ஸ்டெயின்லெஸ்’, ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று ஒன்றே மூன்றாகிவிடும்.

• வகைகளை முடிவு செய்யும் மேசையில் ஸ்டோர்ஸ்காரரும் பர்ச்சேஸ்காரரும் இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• பார்ட் நம்பருக்குள் எல்லாத் தகவலையும் திணிக்காதீர்கள். எண்ணில் பம்ப் மாடலைப் புதைத்தால், அதே ஷாஃப்ட் அடுத்த மாடலுக்கும் போகும் நாளில் எண் பொய் சொல்லும். பாகக் குடும்பத்துக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கினால் 99-க்குப் பிறகு வழியில்லை. எண்ணைப் பார்த்ததுமே பாகத்தைச் சொல்லிவிடும் மூத்த வடிவமைப்பாளர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அவர்களின் திறமை உண்மையானது; தேடும் வசதி இல்லாத காலத்தில் கம்பெனியைக் காப்பாற்றியது அதுதான். அந்த அறிவைப் பண்புக் கட்டங்களில் ஏற்ற அவர்களையே அழையுங்கள். எண் வெறும் வரிசை எண்ணாக இருக்கட்டும்.

• சப்ளையர், துறை, ப்ராஜெக்ட் பெயர்களில் வகை வைக்காதீர்கள்.

• ‘மற்றவை’ என்று ஒரு வகை திறக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் அதில்தான் போடுவார்கள்.

• பழைய எக்செல் பட்டியலை அப்படியே ஏற்றாதீர்கள். முதலில் போல்ட்களை மட்டும் எடுங்கள். ஒரே போல்ட் எத்தனை எண்களில் இருக்கிறது என்று எண்ணி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிய டிராயிங்குகளுக்கு மூடிவிட்டு, அதன் பிறகு பேரிங்குக்குப் போங்கள்.