பாறைப் பிளவில் நீரின் பங்கு

உராய்வு இல்லாவிடில் நம்மால் நடக்கவும் இயலாது. எழுதவும் இயலாது என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். பூமிக்கடியில் பெரும் பாறைகளை நகரவிடாமல் பிடித்திருப்பதும் இவ்வுராய்வே ஆகும்.

பாறை வெடிப்பின் இருபக்கங்களும் உரசி நகர்வதைப் பிளவுப்பெயர்ச்சி என்பர். நம் அரும்பாவூர் மரச்சிற்பக் கூடங்களில் அடுக்கியுள்ள கனத்த பலகைகளை நினைத்துப் பாருங்கள். மேற்பலகையைத் தள்ளுவது கடினம். ஒருவர் அதைச் சற்றே தூக்கிப் பிடித்தால் எளிதில் நகரும். பிளவில் புகும் நீர் செய்வதும் இதுவே. நீர் எண்ணெய் போல வழுக்கச் செய்கிறது என்பது முழு உண்மையன்று. அடைபட்ட நீர் தன் அழுத்தத்தால் இருபுறப் பாறைகளையும் விலக்கித் தள்ளுகிறது. இதனை ஹப்பர்ட், ரூபி என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1959-இல் விளக்கினர்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். பாறைகளை அழுத்தும் விசை 100 பங்கு, உராய்வுக் குணகம் 0.6 எனில், பிடித்து நிறுத்தும் விசை 60. நகர்த்தும் விசை 50 ஆனால் பாறை அசையாது. நீர் 30 பங்கைத் தாங்கிக்கொண்டால் மீதி 70. பிடிக்கும் விசை 42 மட்டுமே. பாறை நழுவுகிறது. திடீரென்று நழுவினால் அதுவே நிலநடுக்கம்!

பிளவு வளர வளரப் பாறை அரைபட்டு மாவாகிறது. அதில் களிமண் மிகுந்தால் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் தங்கிவிடும்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரமுடையது. 10 மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். 1960-களின் தொடக்கத்தில் நீர் தேங்கியபின் சிறு அதிர்வுகள் தோன்றின. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏறத்தாழ 200 உயிர்களைப் பறித்தது. அமெரிக்காவின் டென்வர் அருகே 1962 முதல் ஆழ்கிணற்றில் கழிவுநீரைச் செலுத்தியபோதும் நிலம் நடுங்கிற்று. 1966-இல் நிறுத்திய பின்னரும் அழுத்தம் பரவியதால், மிகப் பெரிய அதிர்வு 1967-இல் தான் வந்தது.

இவற்றால் அணையே கூடாது என்று கொள்ளலாகாது. நகர்த்தும் விசையை நீர் உண்டாக்கவில்லை. முன்பே பாறையில் சேர்ந்திருந்த விசைக்கு வழிவிட்டது. ஆகவே அணை கட்டுமுன் பிளவுகளை ஆராய்வதும், நீர்மட்டத்தைப் படிப்படியாக உயர்த்துவதும், நிலநடுக்கமானிகளால் கண்காணிப்பதும், அருகிலுள்ள ஊர்களில் வீடுகளை உறுதியாகக் கட்டுவதும் நம் கடமையாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, அரும்பாவூர்