ஊவாவின் பெயரும் வியாபாரக் குறியும்

பதுளையில் தேயிலைத் தூளைப் பொதிசெய்து விற்க முனையும் நம்மவர், பொதியின்மீது முதற்கண் பொறிக்க விழைவது "ஊவாத் தேயிலை" என்பதையே. அதனைத் தமக்கேயுரிய வியாபாரக் குறியாக்க இயலாது. பொருளின் வகையையும் பிறப்பிடத்தையும் மட்டும் சுட்டுஞ் சொல்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒருவருக்கே உரித்தாக்காது. ஆடி, ஆவணிக் கச்சானில் விளையும் அம்மணம் ஊவாத் தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவன்றோ? வாளேந்திய சிங்க இலச்சினையோ தேயிலைச் சபைக்குரியது. அதன் இசைவின்றி அச்சிடலாகாது.

ஆகவே, நாமே புனைந்த பெயரொன்றைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் பதிதல் வேண்டும். பதிவு 10 ஆண்டு நிற்கும், பின்னர்ப் புதுப்பிக்கலாம்.

பொதியிலுள்ள சித்திரத்தின் பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டா. வரைந்த கணத்தே அது தோன்றிவிடும். ஆயின் நமக்கன்று, ஓவியருக்கு. அவர் நம் ஊழியரல்லராயின், கூலி கொடுத்ததனால் மட்டும் உரிமை கைமாறாது. நண்பரேயாயினும் கையொப்பமிட்ட எழுத்திற் பெற்றுக்கொள்க.