கொள்ளிடத்தைத் தேடினா ஏன் கிடைக்கல?

மினி பிராஜெக்டுக்கு ஆன்லைன் டெக்ஸ்ட் எடிட்டரோ, தமிழ்ல பெயர் வாங்குற ஃபார்மோ செய்யப் போறீங்களா? ஆங்கிலத்துல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு முடிச்சுடாதீங்க. நம்ம ஊர்ப் பெயர்களை வச்சே சோதிச்சுப் பார்க்கலாம், வாங்க.

1. எழுத்து எண்ணிக்கை

"கடலூர்" நமக்கு 4 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லென்த் 6 என்று சொல்லும். ஏன்னா யூனிகோடில் ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். "சிதம்பரநாதன்" 8 எழுத்து, கணக்கில் 12. ஃபார்மில் மேக்ஸ்லென்த் 10 என்று வைத்தால் "சிதம்பரநாத" என்பதோடு நின்றுவிடும். சான்றிதழிலும் அப்படியே அச்சாகும்!

எழுத்தாக எண்ணித் தர ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் வசதி இருக்கு. குரோமில் 2020-லேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் 2024-ல்தான் வந்தது. அதனால பழைய பிரவுசருக்கு மாற்று வழியும் எழுதி வைங்க.

2. ஒரே தோற்றம், வேறு குறியீடு

"கொள்ளிடம்" என்பதில் வரும் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நேரடியாக ஒப்பிட்டால் சமம் இல்லை என்றே பதில் வரும். டைப் செய்யும் மென்பொருளைப் பொறுத்து இது மாறும். ஒருவர் ஒரு விதமாகப் பதிந்ததை, இன்னொருவர் வேறு விதமாகத் தேடினால் கிடைக்காது.

தீர்வு: சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்யுங்க (என்எஃப்சி வடிவம்). ஆனா "சௌந்தரம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலா ஒற்றைக்கொம்பும் "ள" எழுத்தும் போட்டு டைப் செய்திருந்தால் நார்மலைஸ் காப்பாற்றாது. அதைத் தனியாகத்தான் திருத்தணும்.

3. என்டர் அடிச்சா என்ன ஆகும்?

பக்கத்துக்குள்ளேயே எழுத வைக்கும் கான்டென்ட்-எடிட்டபிள் வசதி 2000-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5-ல் வந்தது. என்டர் அடித்தால் அது பத்தி டேக் போட்டது; குரோம் டிவ் போட்டது; ஃபயர்பாக்ஸ் வெறும் வரிமுறிப்பு போட்டது. 2018-ல்தான் ஃபயர்பாக்ஸும் டிவ்வுக்கு மாறியது. எனவே எந்த டேக் வந்தாலும் ஒரே வடிவமாக மாற்றிச் சேமிப்பது நல்லது.

செய்து பாருங்க

கடலூர், சிதம்பரநாதன், கொள்ளிடம், சௌந்தரம். இந்த நாலு சொல்லையும் உங்க எடிட்டரில் டைப் செய்து, பேக்ஸ்பேஸ் அடித்து, சேமித்து, இன்னொரு பிரவுசரில் திறந்து தேடுங்க. நாலும் முழுசா திரும்பி வந்தா, தைரியமா டெமோவுக்குப் போகலாம்!