கணிதமேதை இராமானுஜத்தின் ஓதற்பிரிவு

தலைவன் இல்லத்தைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியனார். கல்வி கருதிய அப்பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாதென்று கற்பியலில் வரையறுத்தார்; கடற்செலவு மகளிரொடு இல்லையென்று அகத்திணையியலிற் கூறினார். இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு, நம் கொங்குநாட்டிற் பிறந்த ஒருவர் வாழ்க்கையைச் சிறிது ஆராய்வோம்.

திருப்பூருக்கு அணித்தாகிய ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பிறந்தவர் சீனிவாச இராமானுஜம், வளர்ந்தது கும்பகோணத்தில். கணிதமொன்றிலேயே கருத்தூன்றியமையாற் கல்லூரித் தேர்வுகளில் தவறினார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்தபோது, 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி விடுத்தார். ஹார்டி அவரை அங்கு வருவிக்க விழைந்தார். ஆயின் கடல் கடத்தல் அவர் மரபினர்க்கு விலக்கு; ஆதலின் முதலில் மறுத்தார். பின்னர், நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்கவேண்டாவென்று பணித்ததாகக் கூறி, அன்னையார் விடைகொடுத்தனர் என்பர்.

குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17-ல் சென்னையிற் கப்பலேறினார். உணவு நெறியை மட்டும் அவர் களைந்திலர். டிரினிடி கல்லூரியின் உணவுக்கூடத்தை நாடாது, தம் அறையில் தாமே சமைத்துண்டார். அவ்வாண்டே மூண்ட பெரும்போரால் அவருக்கேற்ற உணவுப்பொருள் அரிதாயிற்று. 1917-ல் கடுநோய் பற்றியது. 1918-ல் ராயல் சங்கத்தார் அவரைத் தம்முள் ஒருவராகத் தேர்ந்தனர்.

1909-ல் அவரை மணந்த ஜானகியம்மாள் தாய்நாட்டிற் காத்திருந்தது ஐந்தாண்டு. தொல்காப்பியர் வகுத்த எல்லை கடந்தது. 1919 மார்ச்சில் மீண்டவர், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதிற் சென்னையில் மறைந்தார். கடல் கடந்தமைக்குக் கழுவாய் செய்திலர் என்று உறவினர் பலர் ஈமச்சடங்கிற்கு வந்திலர்.

அயலார் அவர் அறிவைப் போற்றினர்; தனித்துண்ட அவர் துயரை முற்றும் உணர்ந்திலர். உற்றார் அவரை ஈன்று வளர்த்தனர். சென்று மீண்டதைப் பொறுத்திலர். பிரிவின் முழுச்சுமையும் பிரிந்தவர் தலைமேலே விழுந்தது.

இன்று ஓதற்பிரிவு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று. திருப்பூர்ப் பனியன் தொழிலில் உழைப்போரின் பெண்மக்களும் வீடு நீங்கி விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் சிறார் அவ்வூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்கின்றனர். முன்னவரை அனுப்புவோரும் நாமே. பின்னவரை ஏற்போரும் நாமே. சென்றவர் மீளுங்கால் வாயிலைத் திறந்து வைத்தலும், வந்தவர் உண்ணுங்கால் உடனமர்தலும் நம் கடன். இவ்விரண்டும் நிகழின், கற்கச் சென்றவர் தனித்து வருந்தார்.