நேரடி ஒளிபரப்பும் திருட்டுப் பரப்பலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்



"தொலைக்காட்சி நிறுவனங்கள் சட்டவிரோதப் பரப்பலை எவ்வாறு எதிர்கொள்கின்றன?" என்று வினவப்படும்போது, "சட்டம் உண்டு, தண்டனை உண்டு" என இரண்டே வரிகளில் விடையை முடித்துவிடும் மாணவர் பலர். இவ்விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது. சட்டம் இருந்தும் திருட்டு ஏன் தொடர்கிறது என்பதையும் நீங்கள் விளக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டப் போட்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. பாதுகாக்கப்படுவது எது?

பிரீமியர் லீக் 1992 இல் ஆரம்பமானது. 2025/26 பருவம் முதல் நான்கு பருவங்களுக்கான பிரித்தானிய ஒளிபரப்பு உரிமைகள் 6.7 பில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டதாக 2023 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. நேரடிப் போட்டிகளுக்கான உரிமையைப் பெற்றவை ஸ்கை, டிஎன்டி ஆகிய நிறுவனங்களாகும். இந்நிறுவனங்கள் சந்தாப் பணத்தின் மூலம் இச்செலவை ஈடுசெய்கின்றன.

திரைப்படம் ஒன்றைப் பல ஆண்டுகளின் பின்னரும் விற்கலாம். நேரடிப் போட்டியின் பெறுமதியோ பெரும்பாலும் 90 நிமிடங்களுடன் முடிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த போட்டியைப் பார்க்கப் பணம் செலுத்துவோர் சிலரே. வழக்கு முடியச் சில வேளைகளில் ஆண்டுகள் செல்லும். போட்டியோ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இந்த முரண்பாடே இப்பாடத்தின் மையக் கருத்து.

நினைவிற் கொள்க: விளையாட்டுப் போட்டிக்குப் பதிப்புரிமை இல்லை. போர்ட்ஸ்மவுத் நகரில் மதுச்சாலை நடத்திய கேரன் மர்பி என்பவர், கிரேக்க நாட்டு நிறுவனம் ஒன்றின் அட்டையைப் பணம் கொடுத்துப் பெற்றுப் போட்டிகளைக் காண்பித்தார். இவ்வழக்கில் 2011 ஒக்டோபர் 4 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டி என்பது ஓர் ஆசிரியரின் புலமை ஆக்கம் அன்று. ஆனால் ஒளிபரப்பில் இடம்பெறும் இலச்சினை, ஆரம்ப இசை, வரைகலைக் காட்சி முதலியன பாதுகாக்கப்படும் ஆக்கங்கள் என்பது அதன் கருத்து. பிறநாட்டு அட்டையைத் தடைசெய்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்துக்கு முரணானது என்றும் நீதிமன்றம் கூறியது. மர்பிக்கு எதிரான குற்றத் தீர்ப்பு 2012 இல் நீக்கப்பட்டது. எனவே நிறுவனம் விரும்பாத எல்லாப் பார்வையும் திருட்டு ஆகிவிடாது.

2. திருட்டு நடைபெறும் வழிகள்

(அ) அட்டைப் பகிர்வு – ஒரே சந்தாதாரர் அட்டையிலிருந்து பெறப்படும் திறவுகோல் எண்களை இணையம் வழியாகப் பலருக்கு அனுப்புதல்.

(ஆ) மீள்பரப்பல் – முறைப்படி பெற்ற ஒளிபரப்பைப் பதிந்து அதே கணத்தில் இணையத்தில் விடுதல்.

(இ) பெட்டி விற்பனை – திருட்டு இணைப்புகள் முன்கூட்டியே பொருத்தப்பட்ட பெட்டிகளை விற்றல்.

3. எதிர் நடவடிக்கைகள்

(அ) மறைகுறியாக்கம்: செய்மதிச் சமிக்ஞை பூட்டப்பட்ட நிலையில் அனுப்பப்படுகிறது. அதனைத் திறக்கும் எண் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. எனினும் திரையில் தோன்றிவிட்ட படத்தை எந்தப் பூட்டும் காக்காது. மீள்பரப்பலுக்கு எதிராக இம்முறை மட்டும் போதாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

(ஆ) அடையாளக் குறியிடல்: ஒவ்வொரு சந்தாதாரருக்கும் உரிய எண், கண்ணுக்குப் புலப்படாதவாறு படத்தினுள் சேர்க்கப்படுகிறது. திருட்டுப் பரப்பலில் அவ்வெண்ணைக் கண்டறிந்தால், கசிவு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என அறிந்து அதன் இணைப்பைத் துண்டிக்கலாம்.

(இ) நேரடித் தடை: முன்னர் இணையத்தளங்களின் பெயரைக் குறிப்பிட்டே நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு பெயர் தடுக்கப்பட்டால் இன்னொரு பெயர் முளைத்தது. ஆகவே 2017 மார்ச் 8 ஆம் திகதி இங்கிலாந்து மேல் நீதிமன்றம் புதியதொரு கட்டளையை வழங்கியது. இதன்படி ஆறு பெரிய இணையச் சேவை வழங்குநர்கள், திருட்டுப் பரப்பலை அனுப்பும் சேவையகங்களையே போட்டி நடைபெறும் நேரத்தில் தடுக்க வேண்டியிருந்தது. சேவையகங்களின் பட்டியல் வாரந்தோறும் புதுப்பிக்கப்பட்டது. போட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்குமாறு சட்ட நடவடிக்கை மாற்றப்பட்டமையே இதன் சிறப்பு.

(ஈ) விற்போர் மீது வழக்கு: திருட்டு இணைப்புகள் பொருத்தப்பட்ட பெட்டியை விற்பதும் உரிமை மீறலே என ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2023 மே மாதத்தில், 50,000 க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட திருட்டுச் சேவையை நடத்திய ஐவருக்கு இங்கிலாந்தில் மொத்தமாக 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

4. அரசு ஒத்துழைக்காவிடின்?

மேற்கூறிய வழிகள் அனைத்துக்கும் அந்தந்த நாட்டின் நீதிமன்றமும் பொலிசும் துணைநிற்க வேண்டும். 2017 யூன் மாதத்தில் சவூதி அரேபியா கட்டாருடனான உறவைத் துண்டித்தது. சில மாதங்களுக்குள் 'பீஅவுட்கியூ' என்னும் சேவை தோன்றி, கட்டாரின் 'பீஇன்' நிறுவனம் உரிமை பெற்றிருந்த நிகழ்ச்சிகளைத் தனது இலச்சினையுடன் செய்மதி மூலம் பரப்பியது. 2018 உலகக் கிண்ணப் போட்டிகளும் இவ்வாறு பரப்பப்பட்டன. சவூதியில் வழக்குத் தொடர முயன்றபோது ஒன்பது சட்ட நிறுவனங்கள் முன்வரவில்லை அல்லது பின்வாங்கின எனப் பிரீமியர் லீக் உள்ளிட்ட அமைப்புகள் 2019 இல் கூட்டாக அறிவித்தன. கட்டார் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. இச்சேவைக்கு எதிராகக் குற்றவியல் நடவடிக்கை எடுக்காமையால் சவூதி அரேபியா புலமைச் சொத்து உடன்படிக்கையை மீறியுள்ளது என 2020 யூனில் விசாரணைக் குழு முடிவு கூறியது. ஆயினும் அச்செய்மதிப் பரப்பல் 2019 இலேயே நின்றுவிட்டது. நீதி வென்றது, ஆனால் ஆட்டம் முடிந்த பின்னரே வென்றது.

5. எதிர் நடவடிக்கைகளின் எல்லைகள்

வேகம் கூடும்போது தவறும் கூடலாம். இத்தாலியில் 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 30 நிமிடங்களுக்குள் தடைசெய்யும் முறை 2024 இல் செயற்படத் தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் கூகுள் டிரைவ் சேவையே தவறுதலாகத் தடுக்கப்பட்டது. குற்றமற்ற பாவனையாளர் பலர் தமது கோப்புகளைத் திறக்க முடியாமற் போயினர்.

மேலும், சட்டபூர்வமான வழி இல்லாத இடத்தில் திருட்டு வழி பெருகும். பிரித்தானியாவில் சனிக்கிழமைகளில் பி.ப. 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டப் போட்டிகளை நேரடியாக ஒளிபரப்புவதில்லை. சிறிய கழகங்களின் மைதானங்களுக்குப் பார்வையாளர் வருவதைப் பாதுகாப்பதே இதன் நோக்கம். எனினும் அந்நேரப் போட்டியை வீட்டிலிருந்து பார்க்க விரும்புபவர், பணம் வைத்திருந்தும் அதனை முறைப்படி வாங்க முடியாது.

6. எமது நாட்டுடன் தொடர்பு

இலங்கையில் ஒளிபரப்பு நிறுவனங்களின் உரிமைகள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தினால் பாதுகாக்கப்படுகின்றன. எனவே இது பிறநாட்டாருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. கைத்தொலைபேசிக்கு ஓர் இணைப்பு வரும்போது, அதனை அனுப்பியவருக்கு உரிமை உண்டா என நீங்கள் வினவப் பழக வேண்டும்.

தொகுப்பு: பூட்டு திருட்டைத் தாமதப்படுத்தும், அடையாளக் குறி கசிவைக் காட்டும், நேரடித் தடை அந்த 90 நிமிடங்களைக் காக்கும், வழக்கு விற்போரைத் தண்டிக்கும். இவற்றுள் எதுவும் தனித்துப் போதாது.

மாதிரி வினா

(i) நேரடிப் போட்டியின் ஒளிபரப்பைப் பாதுகாப்பது திரைப்படத்தைப் பாதுகாப்பதினின்றும் வேறுபடும் விதத்தை விளக்குக. (4 புள்ளிகள்)

(ii) மறைகுறியாக்கத்தினால் மீள்பரப்பலைத் தடுக்க முடியாமைக்குக் காரணம் தருக. (2 புள்ளிகள்)

(iii) "விரைவான தடை நன்மையும் தீமையும் தரும்." எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்க. (6 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: (iii) இற்கு 2017 இங்கிலாந்துக் கட்டளையையும் 2024 இத்தாலிய நிகழ்வையும் ஒப்பிட்டு, உங்கள் முடிவைக் காரணத்துடன் எழுதுக. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அரைப்புள்ளியே கிடைக்கும்.