ஈகையும் நோக்கமும்

வறிய சிறார்க்குப் பரிசளிப்போரின் நோக்கம் யாது? கிறிஸ்தவர் இயேசுவின் அன்பு நெறியாலும், இஸ்லாமியர் சக்காத்துக் கடமையாலும், சைவர் புண்ணியங் கருதியும் ஈவர்.

பிரான்சில் 1946இல் தோன்றிய ‘செக்கூர் கத்தோலிக்’ சமய அன்பினால் உதவுகின்றது. ‘செக்கூர் பொப்புலேர்’ அமைப்பின் பச்சையுடை நத்தார் பாப்பாக்களோ 1976 முதல் சமயஞ் சாராது விளையாட்டுப் பொருள்கள் வழங்குகின்றனர்.

மறுமைப் பயன் வேண்டி ஈபவனல்லன் ஆய் அண்டிரன் எனப் புறநானூற்றின் 134ஆம் பாடலில் முடமோசியார் போற்றுகின்றார்.

கார் து நோர் நிலையத்தில் அகதிகளாய் இறங்கிய நாமும் பிறர் ஈந்த குளிரங்கியை அணிந்தவர்களே. ஈந்தவர் நம் சமயத்தை வினவவில்லை. நாமும் அவர் சமயத்தை அறியோம். குளிர் நீங்கியது.

நோக்கம் எதுவாயினும், பெறுகின்ற குழந்தை தலைகுனியாதிருக்கக் கொடுப்பதே ஈகை.

பயிற்சி: நீங்கள் இறுதியாகக் கொடுத்த பொருளை எதற்காகக் கொடுத்தீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.